தாய்மாமன் சீருடன் ஒரு நாவல்

முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு அவமானம் ஜாஸ்தி. எழுதாத நாவலுக்கு வெளியீட்டு விழா அழைப்பிதழ் அச்சடித்தவன் நான். எழுதி முடிக்காத நாவல் என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். ஆனால் அது பொய். அன்றைக்கு என் கையில் இருந்தவை ஒரு தலைப்பும் முதல் அத்தியாயமும்தான். முதல் அத்தியாயம் மட்டும் பதினோரு தடவை எழுதியாகியிருந்தது.

ஆறு வருஷமாக இப்படித்தான். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று வாங்குவேன், உடனே முதல் அத்தியாயம் வரும். இங்க் பேனா வாங்கினேன், வந்தது. கோடு போடாத நோட்டு வாங்கினேன், வந்தது. எழுதுவதற்கென்றே ஒரு மேஜை வாங்கியபோது முதல் அத்தியாயம் வரலாறு காணாத நீளத்தில் வந்தது. இரண்டாவது அத்தியாயத்துக்கு எதை வாங்க வேண்டும் என்பது மட்டும் பிடிபடவில்லை. மேஜை இப்போது இஸ்திரி போட உதவுகிறது.

வீடு கடலூர் செம்மண்டலத்தில், வேலை சிதம்பரத்தில் ஒரு மோட்டார் பம்பு கடையில். அப்பா காலத்தில் எங்கள் நிலத்தில் மோட்டார் ஓடியது. இப்போது நிலம் வைத்திருப்பவர்களுக்கு நான் மோட்டார் விற்கிறேன். கடையில் எழுத்து வேலை என்றால் வாரண்டி கார்டு நிரப்புவதுதான். அதில் கற்பனைக்கு இடமில்லை. கற்பனையெல்லாம், மோட்டார் எப்படி எரிந்தது என்று வாடிக்கையாளர்கள் சொல்லும் காரணங்களில் இருக்கும்.

பதிப்பகத்துக்கு அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அனுப்புவதற்கு இரண்டாவது அத்தியாயம் என்று ஒன்று வேண்டும். அதனால் நானே எழுதி நானே பதிப்பிப்பது என்று முடிவு செய்தேன். ஆசிரியர் தாமதித்தால் பதிப்பாளர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்பது இதில் ஒரு வசதி. அந்த வசதியில்தான் ஆறு வருஷம் போனது.

பிறகுதான் அந்தத் தத்துவம் உதித்தது. எங்கள் தெருவில் ஒரு வீடு நாலு வருஷம் பூசாத சுவரோடு நின்றது. ஒரு நாள் கிரகப்பிரவேசப் பத்திரிகை கொண்டு வந்து கொடுத்தார்கள். அடுத்த இருபது நாளில் பூச்சு, டைல்ஸ், மாடிப்படி எல்லாம் முடிந்தன. நான் விசேஷத்துக்குப் போனபோது பெயிண்ட் காயவில்லை. என் வெள்ளைச் சட்டையில் அந்தப் பச்சை இன்னும் இருக்கிறது. நம் பக்கத்து மனிதர்கள் வேலையை முடித்துவிட்டுத் தேதி வைப்பதில்லை. தேதி வைத்துவிட்டு வேலையை முடிக்கிறார்கள். பத்திரிகை அடித்தாகிவிட்டால் அப்புறம் பின்வாங்க முடியாது. ஒரு வீட்டையே கட்டி முடித்த பத்திரிகை ஒரு நாவலை முடிக்காதா?

கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அச்சகம். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அங்கே தயாராகும். உரிமையாளர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நிதானமானவர். எந்த விசேஷத்தைச் சொன்னாலும் ஆல்பத்தில் அதற்கான பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு திறப்பார். புத்தக வெளியீடு என்றதும் கண்ணைத் திறந்துவிட்டார். ஆல்பத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

"புத்தகத்துக்குன்னு தனியா டிசைன் கெடையாது சார். காதணி விழா டிசைன்ல போட்டுடலாம். அதுவும் கொழந்த சமாச்சாரம்தானே."

எனக்கு அதில் ஒரு நியாயம் தெரிந்தது. கீழே தாய்மாமன் என்று ஒரு வரி இருந்தது. அதை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். எடுத்தால் பத்திரிகை மொட்டையாக இருக்கும் என்றார். மச்சான் யாராவது உண்டா என்று விசாரித்தார். என் மனைவியின் தம்பி குவைத்தில் இருக்கிறான் என்றேன். "அப்ப தைரியமா பேரப் போடுங்க, வரவா போறாரு" என்றார். போட்டோம்.

தேதியை அவர் தலைக்கு மேல் தொங்கிய காலண்டரில் பார்த்தேன். வைகாசி முடியும் நேரம் அது. ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வளர்பிறை முகூர்த்தம் என்று போட்டிருந்தது. எண்பது நாள் இருந்தது. அந்த முகூர்த்தத்தைக் கடலூர் மாவட்டத்தில் பாதிப் பேர் பார்த்து வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாவலையும் அவரே அச்சடித்துத் தருவதாக ஒத்துக்கொண்டார். இதுவரை நாவல் போட்டதில்லையாம். நானும் எழுதியதில்லை என்றேன். இருவருக்கும் ஒரு சமத்துவம் வந்தது.

முதல் பத்திரிகைக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, திருவந்திபுரத்தில் பெருமாள் காலடியில் வைக்க எடுத்துப் போனேன். பட்டர் கையில் ஏற்கெனவே ஒரு கட்டு கல்யாணப் பத்திரிகை. என்னுடையதை அதன் மேல் வைத்துக்கொண்டு, பையன் பேர், பெண் பேர், நட்சத்திரம் என்று வரிசையாகக் கேட்டார். நாவல் சுவாமி என்றேன். அவருக்கு நேரமில்லை. "நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார். என்னுடையதைச் சொன்னேன். சீக்கிரமே புத்திர பாக்கியம் உண்டாகட்டும் என்று ஆசீர்வதித்து அனுப்பினார். எதிரே மலையில் ஹயக்ரீவரிடம் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் பேனா வைத்து வாங்குவார்கள். நானும் வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற ஒரு அம்மா, பையன் பத்தாவதா பன்னிரண்டாவதா என்று கேட்டார். முதல் அத்தியாயம் என்றேன். எல்.கே.ஜி. மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, இப்பவே பேனாவா, ரொம்பச் சீக்கிரம் என்றார்.

வீட்டுக்கு வந்து மீதிக் கட்டை மனைவியிடம் நீட்டினேன்.

இந்த இடத்தில் என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மஞ்சக்குப்பத்தில் அரசு அலுவலகங்களுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் செய்கிறாள். பட்டா மாறவில்லை, பென்ஷன் வரவில்லை என்று மக்கள் வந்து ஒரு மணி நேரம் புலம்புவார்கள். பங்காளிச் சண்டையில் தொடங்கி முட்டிவலியில் முடிப்பார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, 'ஐயா, வணக்கம்' என்று ஆரம்பித்து ஒரே பக்கத்தில் விஷயத்தை இறக்கிவிடுவாள். வாசித்துக் காட்டினால், இதைத்தானம்மா நான் சொல்ல வந்தேன் என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

அவள் பத்திரிகையை மனுவைப் படிப்பதுபோல் முழுக்கப் படித்தாள். திருப்பிப் பார்த்தாள். "கதை எங்க?" என்றாள்.

தலையைத் தொட்டுக் காட்டினேன். என் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பத்திரிகை கொடுக்க வேண்டாம் என்று சொல்வாள் என்று பயந்தேன். ஆனால் அதற்குள் நான் சொந்தக்காரர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுவிட்டிருந்தேன். அது தெரிந்ததும் பெருமூச்சு விட்டாள்.

"தெனம் எழுதுனத தெனம் குடுங்க. கடையில ஆளு இல்லாத நேரத்துல அடிச்சித் தரேன். ஆனா நடுவுல நல்லாருக்கா நல்லாருக்கான்னு நச்சரிக்கக் கூடாது. முடிச்சிட்டுக் கேளுங்க, சொல்றேன்."

ஒத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், ஊரெல்லாம் கூட்டி விழா நடத்துவதைவிட அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை நாளும் எழுதினேன். நல்லாருக்கு. அவ்வளவுதான். பத்து எழுத்துகூட இல்லை.

எழுத நேரம் எங்கே? பஸ்ஸில். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் போக ஒன்றேகால் மணி, திரும்ப ஒன்றேகால் மணி. மடியில் நோட்டை வைத்துக்கொண்டு எழுதுவேன். சாலை எப்படியோ எழுத்தும் அப்படி. கொஞ்ச நாளில் என் மனைவி எழுத்தைப் பார்த்தே ஊர் சொல்ல ஆரம்பித்தாள். நேராக இருந்தால் பஸ் நின்றுகொண்டிருந்தது. லேசாகச் சாய்ந்தால் ஆலப்பாக்கம். வரி மேலே ஏறினால் வேகத்தடை. முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலம் வரை சாலை வேலை நடந்ததால், அந்த இடத்து எழுத்து மட்டும் இ.சி.ஜி. மாதிரி இருக்கும்.

பஸ்ஸில் எழுதுவதில் இன்னொரு சிக்கல், பக்கத்து சீட்டுக்காரர்கள் கூடவே படிப்பார்கள். ஒரு பெரியவர் கடலூரிலிருந்து என் தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டு வந்தார். நான் யோசித்தால் அவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்து யோசிப்பார். புதுச்சத்திரம் நெருங்கியதும் தவித்துப் போனார்.

"தம்பி, அவன் அந்த லெட்டரப் படிச்சானா இல்லியா? நான் எறங்கணும்."

நான் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் படித்துவிட்டான் என்றேன். நிம்மதியாக இறங்கிப் போனார். ஆகவே என் நாவலின் ஆறாவது அத்தியாயத்தில் அவன் லெட்டரைப் படிக்கிறான். அந்தத் திருப்பத்தைப் பாராட்ட விரும்புபவர்கள் புதுச்சத்திரத்தில் விசாரிக்கவும்.

கதை இதுதான். நாயகன் குவைத்தில் வேலை பார்ப்பவன். உயரம், அடர்ந்த முடி, தொப்பை அறவே இல்லை. எழுத்தாளன் தன்னிடம் இல்லாததைத்தானே கற்பனை செய்ய வேண்டும். லீவுக்கு வருகிறான், திரும்பப் போகிறான், மறுபடி வருகிறான். அவனுக்கு ஒரு மனைவி உண்டு. பதின்மூன்று அத்தியாயங்களில் அவள் பதினாறு முறை காபி கொண்டு வருகிறாள். நான் எண்ணவில்லை, டைப் செய்தவள் எண்ணினாள். இவளுக்கு வேறு வேலையே இல்லையா என்று ஒரு தடவை கேட்டாள். துணைப் பாத்திரம் என்று விளக்கினேன். அப்போது அவள் எனக்குக் காபி கொண்டு வந்திருந்தாள் என்பதை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

ஆவணி நெருங்க நெருங்க காலண்டரை எண்ணிப் பார்க்க ஆரம்பித்தேன். தள்ளிப்போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அன்றைக்கென்று குவைத்திலிருந்து மச்சான் கூப்பிட்டான்.

"மாமா, பத்திரிகை பாத்தேன். தாய்மாமன்னு எம் பேரப் போட்டிருக்கீங்க. லீவு சொல்லிட்டேன், டிக்கெட் போட்டாச்சு."

அது சும்மா டிசைனுக்காகப் போட்டது என்று அவனிடம் எப்படிச் சொல்வது? சரி மச்சான் என்றேன். இனி எழுதித்தான் ஆக வேண்டும். தாய்மாமன் கிளம்பிவிட்டான், குழந்தை இன்னும் பிறக்கவில்லை.

பதினான்காவது அத்தியாயம் எழுதிய அன்று உட்கார இடம் கிடைக்கவில்லை. ஒரு கையில் கம்பி, மறு கையில் பேனா. நோட்டை முன்னால் நின்றவரின் முதுகுப் பையில் சாய்த்து எழுதினேன். நாயகன் மறுபடி குவைத் கிளம்புகிறான், மனைவி வாசல்படியில் நிற்கிறாள், கண்ணில் நீர் ததும்புகிறது. அதுவரை நினைவிருக்கிறது. அதற்குள் முட்லூர் வந்துவிட்டது. மேற்கொண்டு எழுதியது அந்தப் பைக்குத்தான் தெரியும். பதினைந்தாவதில், விமான நிலையத்துக்குப் போகும் வழியில் நாயகன் காரைத் திருப்பச் சொல்லி வீட்டுக்கே வந்துவிடுகிறான். ஏன் வந்தான் என்று எனக்கே தெரியாது. நோட்டில் பக்கம் தீர்ந்துவிட்டது, அவனை எங்காவது விட வேண்டியிருந்தது.

முடித்துவிட்டேன். விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அன்றே அவளிடம் கேட்டிருக்க வேண்டியது. ஆனால் புத்தகமாகக் கையில் வாங்கிக் கேட்பதுதான் முறை என்று பிகு செய்துகொண்டேன். அவள் டைப் செய்ததைப் பென் டிரைவில் வாங்கி அச்சகத்தில் கொடுத்தேன். பிழை பார்க்கத் தாள்கள் வந்தன. பின்னட்டையில் என் போட்டோ நேராக இருக்கிறதா என்று நாலு தடவை பார்த்தேன். உள்ளே பார்க்கவில்லை. பிழை தேடுவது என்றால், பிழை இருக்கிறது என்று நாமே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா?

இரண்டு நாள் கழித்து அச்சக உரிமையாளர் போன் செய்தார். அச்சான தாள்களை அடுக்குகிற பெண் வேலையை நிறுத்திவிட்டுப் படித்துக்கொண்டிருந்ததாம். அந்த அம்மா பேசுகிற இடம் வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டதாம். எந்த அம்மா, எந்த இடம் என்று எனக்கு விளங்கவில்லை. "ஆமாண்ணே, அது ரொம்பக் கஷ்டப்பட்டு எழுதுனது" என்றேன்.

விழா நாள் வந்தது. முகூர்த்த நாளில் மண்டபம் கிடைக்குமா? மஞ்சக்குப்பத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடிதான் கிடைத்தது. கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட கணக்கு ஒன்று இருந்தது, அழிக்கக் கூடாது என்று அடியில் எழுதியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும் அன்று காலை திருவந்திபுரத்தில் ஆளுக்கொரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நேராக வந்தார்கள். பட்டுப் புடவை, வேட்டி, கையில் தாம்பூலப் பை, கண்ணில் கல்யாணச் சாப்பாட்டுத் தூக்கம். ஆறாம் வகுப்புப் பெஞ்சுகளில் முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். சாப்பிட்டாச்சா என்று என்னைக் கேட்டார்கள். அது நான் கேட்க வேண்டியது.

பதினோரு மணிக்குக் கீழே மேளச் சத்தம் கேட்டது. வேறு யார் வீட்டு விசேஷமோ என்று எட்டிப் பார்த்தேன். மச்சான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். அவனுக்குப் பின்னால் அவன் மனைவி, சித்திமார்கள், பதினோரு தாம்பாளம். ஆப்பிள், சாத்துக்குடி, கற்கண்டு, பூ, தேங்காய், எல்லாம் வரிசையாக மாடிப்படி ஏறின. திருவந்திபுரத்தில் கல்யாணம் முடிந்து கிளம்பிய நாதஸ்வரக்காரரையும் தவில்காரரையும் அவனே ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். கடைசித் தாம்பாளத்தில் ஒரு சிவப்புப் பட்டுத் துண்டு.

"கொழந்தைக்கு மாமன் வீட்டுப் பட்டு" என்றான். "காது மட்டுந்தான் இல்ல மாமா, இருந்தா கம்மலும் போட்டிருப்பேன்."

முதல் பிரதியை அந்தப் பட்டில் சுற்றினார்கள். தட்டில் வைத்து என் மனைவி கையில் கொடுத்தார்கள். அவள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். மச்சான் பட்டை விலக்கினான். அட்டை தெரிந்ததும் தவில்காரர், பழக்கதோஷத்தில், கெட்டிமேளம் கொட்டிவிட்டார். கொட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று நம் ஜனங்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா? தாம்பூலப் பைகளில் ஒட்டிக்கொண்டிருந்த அட்சதையெல்லாம் என் மேலும் நாவல் மேலும் விழுந்தது. இன்றைக்கும் அந்தப் பிரதியைத் திறந்தால் மூன்றாவது அத்தியாயத்தில் இரண்டு அரிசி இருக்கிறது.

எல்லோரும் புத்தகத்தைப் புரட்டினார்கள். மச்சான் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து நடுவில் எங்கோ திறந்து படிக்க ஆரம்பித்தான். இரண்டு பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தான். புத்தகத்தைப் பக்கத்தில் இருந்த தன் மனைவியிடம் தள்ளினான். அவள் படித்துவிட்டு அவனைப் பார்த்தாள். பிறகு அவன் எழுந்து வந்து, பதினான்காவது அத்தியாயத்தில் விரலை வைத்து, இதைச் சத்தமாகப் படியுங்கள் மாமா என்றான்.

படித்தேன். முதல் தடவையாக. நாயகனின் மனைவி வாசல்படியில்தான் நிற்கிறாள். ஆனால் கண்ணில் நீர் இல்லை. பேசுகிறாள், இரண்டு பக்கத்துக்கு.

"போங்க. போறப்ப ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி கெடக்குற ஸ்டெபிலைசரையும் எடுத்துக்கிட்டுப் போங்க. வீட்டுல இருக்குறப்ப நீங்க ரெண்டு பேரும் சத்தந்தான் போடுறீங்க" என்று ஆரம்பிக்கிறாள். பெஞ்சுகளில் சிரிப்பு. போகப் போக அது அடங்கியது. "ஒவ்வொரு தடவ நீங்க வர்றப்பவும் கூட ஒருத்தர் இருக்குறதுக்குப் பழகிக்கிறேன். போறப்ப ஒருத்தரும் இல்லாததுக்குப் பழகிக்கிறேன். ஒரே ஒரு தடவ, எதுக்கும் பழகிக்காம இருந்து பாக்கணும்ங்க."

அடுத்த அத்தியாயத்தில் அவன் ஏன் காரைத் திருப்பச் சொன்னான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மச்சான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி அவன் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். நல்லா எழுதிட்டீங்க மாமா என்றான். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்தேன். இதை எப்போது எழுதினேன் என்று ஒரு சின்ன சந்தேகம் வராமல் இல்லை. எழுதும்போது கலைஞனுக்குத் தன் நினைவு இருக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் நின்றுகொண்டு எழுதினால் கேட்கவே வேண்டாம்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அவள் கூடத்தில் உட்கார்ந்து, சீர்ப் பழங்களைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கப் பைகளில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டேன். கழுத்தில் இருந்த மாலையைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"முடிச்சாச்சு. புத்தகமும் வந்தாச்சு. இப்ப கேக்கலாமில்ல?"

கேளுங்க என்றாள்.

மொத்தத்தையும் சொல்ல வேண்டாம், அந்தப் பதினான்காவது அத்தியாயத்தைப் பற்றி மட்டும் சொல் என்றேன். ஊரே அசந்து போனதைச் சொன்னேன். மச்சான் குவைத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடலாமா என்று யோசிப்பதைச் சொன்னேன். பஸ்ஸில் நின்றுகொண்டு இப்படி ஒன்றை எழுத முடியும் என்று எனக்கே தெரியாமல் இருந்ததையும் சொன்னேன்.

அவள் ஒரு சாத்துக்குடியை எடுத்து அழுத்திப் பார்த்துப் பையில் போட்டாள்.

"முட்லூர் பக்கம் ஒரு எழுத்தும் புரியல, நானே எழுதிட்டேன்."